அவர் தலைக்குள்ளே நீ

ஜூன் 4

சின்னவளே,

நீ நல்லா இருக்கேன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு எழுதறேன். இல்லைன்னா பதில்ல சொல்லு. இங்கே எனக்கும் உன் அக்கா மகள் புயலுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. அவள் கதவை அடிச்சுச் சாத்தற வேகத்துல வீட்டுக்குத்தான் ஏதாவது ஆகும்.

போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு கேட்பே. போன்ல நாம நலம் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள சண்டை வந்துடுது. காகிதம்னா கோபம் வந்தா கிழிச்சுப் போட்டுட்டு வேற எடுக்கலாம்.

விஷயம் இதுதான். உன் அத்தானை ஒரு வருஷத்துக்கு உங்க ஊருக்கு அனுப்பறாங்க. ஆத்துப் பாலத்தைப் பழுது பார்க்கறாங்களாம், அதுல எந்த இரும்புல கீறல் இருக்கு, எதை மாத்தணும்னு இவர்தான் சோதிச்சுச் சொல்லணும். உன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி அறை கொடுத்திருக்காங்க. நான் கூட வர முடியாது. புயலுக்குப் பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம். மூக்குக்கண்ணாடிக் கடையையும் பூட்டிட்டு வர முடியாது. வாடிக்கைக்காரங்க பாதிப் பேர் நான் சொன்னாத்தான் எழுத்து தெரியுதுன்னு ஒத்துக்கறாங்க.

உனக்குத் தெரியாததில்ல, அவர் வாயிலேர்ந்து பேச்சை வாங்கறது கல்லுல நார் உரிக்கிற வேலை. காலையில 'ம்', சாயங்காலம் 'ம்ம்'. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கண்டுபிடிக்கவே எனக்கு மகள் வளர்ந்து ஆளாக வேண்டியிருந்தது. அவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடு. பேச்சுத் துணையா இருக்க மாட்டார். தட்டுக்குத் துணையா இருப்பார்.

உன் பல்லைக் காட்டினியா டாக்டர்கிட்ட? சும்மா தள்ளிப் போடாதே.

உன் அக்கா

*

ஜூன் 22

அக்கா,

உன் கடிதமும் அத்தானும் ஒரே வாரத்துல வந்து சேர்ந்தாங்க. கடிதம்தான் முதல்ல பேசுச்சு. நான் சௌக்கியம். பல்லைப் பிடுங்கியாச்சு, ஒரு பக்கமா மெல்லறேன். நீ முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கறியா?

நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் என்ன தோணுச்சோ, "நீ அங்கே என்னதான் வேலை பார்க்கறே?"ன்னு கேட்டார். "ஒலியால மூளையைத் தொடறேன் அத்தான்"னேன். கையிலிருந்த தண்ணி டம்ளரைக் கீழே வெச்சுட்டார்.

அப்புறம்தான் எனக்கே உறைச்சது. அவரும் நானும் ஒரே தொழில். அவர் இரும்பு மேல ஒரு கருவியை அழுத்தி, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பறார். திரும்பி வர்ற எதிரொலியை வெச்சுக் கீறல் எங்கேன்னு சொல்றார். நாங்க அதே மாதிரி ஒலியை மண்டை ஓட்டு வழியா உள்ளே அனுப்பி, பட்டாணி அளவு இடத்துல குவிக்கிறோம். அவர் அனுப்பறது பார்க்கறதுக்கு, நாங்க அனுப்பறது தட்டிப் பார்க்கறதுக்கு. ஒரு இடத்தை லேசாத் தட்டினா மனுஷன் யோசிக்கிற விதம் கொஞ்ச நேரத்துக்கு மாறுதா, அப்போ அந்த இடத்துக்கு என்ன வேலைன்னு தெரிஞ்சுக்கலாம். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. மண்டைக்கு மேல வழவழன்னு பசை தடவறதுதான் பெரிய கொடுமை.

மறுநாளே ஆய்வுக்கூடத்துக்கு வந்துட்டார். ஆஸ்பத்திரிக் கட்டடத்தோட அடித்தளம், ஜன்னல் இல்ல, பல் டாக்டர்கிட்ட இருக்கிற மாதிரி ஒரு நாற்காலி. எல்லாத்தையும் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தார். போகும்போது, "என்னையும் சேர்த்துக்கோயேன்"னார்.

சொந்தக்காரங்களை நான் சோதிக்கக் கூடாது, விதி. அதனால நெட்டை பார்த்துக்கறேன்னு சொல்லிட்டார். நெட்டைன்னா என் கூட வேலை செய்யற ஆராய்ச்சியாளர். தினம் கதவு நிலையில தலையை இடிச்சுக்கிட்டுத்தான் உள்ளே வருவார். மூளையைப் பத்தி ஆராய்ச்சி பண்றவர் தன் மூளையைப் பார்த்துக்கறதில்ல.

புயலுக்கு என் முத்தம். கதவுகளுக்கு என் அனுதாபம்.

சின்னவள்

*

ஜூலை 5

சின்னவளே,

ஒரு பக்கமா மெல்லாதே, தாடை கோணிக்கும். எனக்கு முட்டி பரவாயில்ல. வேற இடத்துலதான் எரியுது.

நேத்து அவர் போன் பண்ணினார். நான் வழக்கம் போல டீயைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன், அது ஆறறதுக்குள்ள பேச்சு முடிஞ்சுடும்னு. ஆறிப் போய் ஆடை படிஞ்சுடுச்சு. அவர் நிறுத்தவே இல்ல! தன் மண்டை ஓடு வலது பக்கம் தடிப்பாம், இடது பக்கம் மெல்லிசாம். ஒலி உள்ளே போகும்போது வளையுமாம், அதைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு நேராக்குவீங்களாம். "உன் தங்கச்சி எவ்வளவு அழகா விளக்கறா தெரியுமா"ன்னு வேற.

இத்தனை வருஷமா அவருக்குத் தலைக்கனம் எவ்வளவுன்னுதான் எனக்குத் தெரியும். தடிமன் உனக்குத்தான் தெரியும் போல. நான் ஒவ்வொரு நாளும் தட்டித் தட்டித் திறக்காத கதவு, நீங்க பசையைத் தடவினதும் திறந்துக்குதே, அது என்ன பசைன்னு எழுது. எங்க தெருக் கடையில கிடைக்குமான்னு பார்க்கறேன்.

அப்படியே, உள்ளே என்ன சோதனைதான் பண்றீங்கன்னும் சொல்லு. ரெண்டு படம் வருது, ஒண்ணைத் தொடணும்னார். அதுக்கு மேல எனக்கு எரிச்சல்ல காதுல ஏறல.

தமாஷுக்குத்தான் எழுதறேன். நீ பாட்டுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே.

அக்கா

*

ஜூலை 26

அக்கா,

நலம். ரெண்டு பக்கமும் மெல்லறேன், சந்தோஷமா?

பசை எங்கேயும் கிடைக்கும். ஸ்கேன் எடுக்கற இடத்துல வயித்துல தடவறது அதேதான்.

சோதனை இதுதான். திரையில ரெண்டு உருவம் வரும். ஒண்ணைத் தொட்டா அடிக்கடி ஜெயிக்கலாம், இன்னொண்ணைத் தொட்டா அடிக்கடி தோக்கலாம். எதுன்னு ஆள் கண்டுபிடிச்சு, அதையே தொட்டுக்கிட்டிருக்கும்போது, நாங்க சொல்லாமக் கொள்ளாம மாத்திடுவோம். நல்லது கெட்டதாயிடும். எவ்வளவு நேரம் அந்தப் பழசையே பிடிச்சுத் தொங்கறார், எப்போ மனசை மாத்திக்கறார், அதைத்தான் பார்க்கறோம். சில நாள் ஒலி உண்மையா உள்ளே போகும். சில நாள் கருவி சும்மா தலை மேல இருக்கும். எந்த நாள் எதுன்னு உட்கார்ந்தவருக்கும் தெரியாது, நெட்டைக்கும் தெரியாது. அத்தானுக்கு என்ன வந்ததுன்னு எனக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது.

ஒரு நாள் முடிஞ்சு வெளியே வந்தார். பசையில முடியெல்லாம் குத்திட்டு நிக்குது. அதே நேரம் நெட்டை கதவுல மடார்னு இடிச்சுக்கிட்டார். அத்தான் ரொம்ப சீரியஸா, "லாரிக்கு வைக்கிற மாதிரி இங்கேயும் உயரப் பலகை ஒண்ணு மாட்டுங்க"ன்னார். சொல்லிட்டு சிரிச்சார் பாரு, சுவரைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அவருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியவே தெரியாது.

என் பால்கனிக் கதவு நேராச் சாத்துது இப்போ, அவர் கைங்கர்யம். சாயங்காலம் வேலை முடிஞ்சா ஆத்தோரமா நடந்துட்டு வர்றோம். அந்தப் பாலத்துல எந்த ஆணி எந்த வருஷம் அடிச்சதுன்னு எனக்கு இப்போ மனப்பாடம்.

சின்னவள்

*

ஆகஸ்ட் 11

சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் ரொம்பச் சுகம்னு தெரியுது.

சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரா? நீ தெரியவே தெரியாதுன்னு எழுதியிருக்கே. எனக்கும் தெரியாது. இதைப் படிச்ச பிறகு நான் கடையில உட்கார்ந்து, அவர் எப்போ கண்ணுல தண்ணி வரச் சிரிச்சார்னு யோசிச்சேன். ஒருத்தர் கண்ணாடி போட்டுப் பார்த்துட்டு, "இதுல எல்லாம் ரெண்டா தெரியுதும்மா"ங்கறார். நான் "சரியாத்தான் இருக்கும், போட்டுப் பழகுங்க"ன்னு அனுப்பிட்டேன். அப்புறம் ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்து லென்ஸை மாத்தினேன். என் நிலைமை அப்படி.

என் வீட்டுப் பால்கனிக் கதவும் கோணலாத்தான் இருக்கு. கல்யாணமான நாள்லேர்ந்து.

இந்த மாசம் வர்றேன்னு சொன்னவர், வரலைன்னுட்டார். கேட்டா வேலை. வேலை இருக்கிற ஆளுக்கு ஆத்தோரம் நடக்க நேரம் இருக்கு. உன் கடிதத்துல முன்னெல்லாம் உன் பல், உன் சம்பளம் ஏறாதது, உன் மேலதிகாரி, என் முட்டி எல்லாம் இருக்கும். இப்போ முதல் வரி நலம், அதுக்குக் கீழே எல்லாம் அத்தான்.

சின்ன வயசுல என் பாவாடையை நீ கேட்காம எடுத்துக் கட்டிக்குவே. நானும் "சரி, நல்லாத்தான் இருக்கு அவளுக்கு"ன்னு விட்டுடுவேன். எல்லாத்தையும் அப்படி விட முடியாது. இவ்வளவுதான் சொல்வேன். இதைக் கிழிச்சுப் போடாம அனுப்பறேன்.

அக்கா

*

செப்டம்பர் 23

அக்கா,

பதில் எழுத இவ்வளவு நாளானதுக்கு மன்னிச்சுக்கோ. வேலை. நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே? தூக்கமெல்லாம் ஒழுங்கா வருதா?

புயலுக்குப் பரீட்சை எப்போ முடியும்? முடிஞ்சதும் கடையை யாராவது கொஞ்ச நாள் பார்த்துக்க முடியுமா? நீ இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு.

அத்தான் இப்போ சோதனைக்கு வர்றதில்ல. நெட்டை வேற ஆட்களோட வேலை செய்யறார்.

இங்கே மழை வரும் போல இருக்கு.

சின்னவள்

*

செப்டம்பர் 30

நலம் விசாரிக்க மனசு வரல. அதனால நேரா வரேன்.

எனக்கு லென்ஸ் கொண்டு வர்ற சரக்குக்காரர் போன வாரம் உங்க ஊருக்குப் போயிருந்தார். வந்தவர் பெட்டியை இறக்கி வெச்சுட்டுச் சொன்னார்: "உங்க வீட்டுக்காரரை அந்த ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சுல பார்த்தேன். பக்கத்துல உங்க தங்கச்சி. அவங்க அழுதுக்கிட்டிருந்தாங்க. சார் தலையைத் தடவிக் கொடுத்துக்கிட்டிருந்தார். தொந்தரவு பண்ண வேண்டாம்னு வந்துட்டேன். எல்லாம் சுகம்தானே?"

சுகம்னு சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு ஷட்டரை இறக்கிட்டு உள்ளே உட்கார்ந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியிலதான் உன் ஆய்வுக்கூடம், அதனால அங்கே இருந்ததைக் குறை சொல்லல. நீ ஏன் அழுதேன்னு கூட முதல்ல யோசிக்கல. அவர் எனக்கு எப்போ தலையைத் தடவிக் கொடுத்தார்னுதான் யோசிச்சேன். நம்ம அம்மா செத்த அன்னைக்கு? இல்ல, அன்னைக்குப் பந்தல்காரனோட பேசிக்கிட்டிருந்தார். புயல் பிறந்தப்போ? "ம்"னார். ஒண்ணு கூட ஞாபகம் வரல, சின்னவளே. ஒண்ணு கூட.

மாசக்கணக்கா எழுதாம இருந்துட்டு, மழை வரும் போல இருக்குன்னு எழுதறே. சோதனைக்கு அவர் வர்றதில்ல, ஆனா பெஞ்சுக்கு வர்றார். அவர் மண்டையைப் படம் எடுத்து வெச்சிருக்கே, சிரிப்பை எடுத்துக்கிட்டே, சாயங்காலத்தை எடுத்துக்கிட்டே. எனக்குன்னு என்ன மிச்சம் வெச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?

மனசு எப்போ மாறுதுன்னு கண்டுபிடிக்கிற மெஷின்தானே அது? கண்டுபிடிச்சாச்சா? எந்த நாள் மாறுச்சுன்னு நேரா எழுது. சுத்தி வளைக்காதே.

*

அக்டோபர் 6

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சேன். நீ நினைக்கறது இல்ல. முழுக்கத் தப்பு. அதுக்கு மேல என்னால எழுத முடியாது. சோதனைக்கு வந்தவங்களைப் பத்தி வெளியே சொல்லக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, அதோட நான் கொடுத்த வாக்கும் இருக்கு. விதியைக் கூட மீறியிருப்பேன்.

இன்னைக்கு அத்தான் அறைக்குப் போய் உன் கடிதத்தை அவர் மடியில போட்டேன். "இதைப் படிங்க. இனி நீங்க சொல்லலைன்னா நான் என் அக்காவை இழந்துடுவேன்"னேன். படிச்சார். மடிச்சார். திரும்பப் பிரிச்சுப் படிச்சார்.

அவர் எழுதுவார். அது வர்ற வரைக்கும் என்னைத் திட்டிக்கோ, பரவாயில்ல. உடம்பைப் பார்த்துக்கோ.

சின்னவள்

*

அக்டோபர் 7

அன்புள்ள உனக்கு,

நான் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாதவன். ஆய்வு அறிக்கை மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் சோதனையின் இரண்டாம் கட்டத்துக்காக என் தலையை வேறு வகையில் படம் எடுத்தார்கள். முதல் படத்தில் ரத்தக்குழாய்கள் தெரியாது. இதில் தெரியும். ஒரு குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து பலூன் போல வீங்கியிருக்கிறது. மிளகு அளவு. வலி இல்லை. ஆனால் வெடிக்கலாம். வெடித்தால் ஆள் தப்புவது கஷ்டம்.

டாக்டர் சொல்வதற்கு முன் "கூட யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். நான் பக்கத்து அறையைக் காட்டினேன். அப்படித்தான் சின்னவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். மகளின் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உன்னிடம் சொன்னால் அது உண்மையாகிவிடும்.

பெஞ்சில் அவள் அழுதாள். நான் அவளைத் தேற்றினேன். எனக்கு ஏதாவது ஆனால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் அழுதாள்.

தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கம்பிச் சுருளால் அந்த வீக்கத்தை அடைப்பார்கள். இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி. நீ வர வேண்டும். நீ இல்லாமல் நான் அந்த மேஜையில் படுக்க மாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்தேன். நான் உனக்குத் தலை தடவியதில்லை என்பது சரிதான்.

இப்படிக்கு,
நான்

*

அக்டோபர் 11

சின்னவளே,

அவர் கடிதம் வந்தது. அடுப்பு மேல பால் பொங்கி வழிஞ்சு தீஞ்சு போச்சு. புயல் வந்து அடுப்பை அணைச்சா.

முதல்ல ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லு. உங்க மெஷின் பண்ணின வேலையா இது? சும்மா இருந்த மூளையைத் தட்டித் தட்டி வீங்க வெச்சுட்டீங்களா? நான் ஒண்ணும் படிக்காதவ இல்ல. ஆனா இப்போ எனக்கு யார் மேலயாவது பழி போடணும், உன்னை விட்டா யார் இருக்கா?

ரெண்டாவது. உனக்கு ஒரு மாசமாத் தெரியும். நான் இங்கே யாருக்கோ பிரேம் சரியா இருக்கான்னு மூக்கைத் தடவிப் பார்த்துக்கிட்டிருந்த நேரமெல்லாம் உனக்குத் தெரியும். 'கூட யாராவது இருக்காங்களா'ன்னு டாக்டர் கேட்டா, அவர் கை நீட்டிக் காட்ட வேண்டியது என்னை. ரயில்ல ஏறி வந்திருக்க மாட்டேனா? அதுவரைக்கும் அந்த டாக்டர் காத்திருக்க மாட்டாரா? சந்தோஷத்துலதான் நீ முந்திக்கிட்டேன்னு நினைச்சேன். துக்கத்துலயும் நீதான் முதல்ல. கட்டின புருஷனோட கெட்ட சேதிக்குப் பங்கு கேட்டுப் பொறாமைப்படறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

உன் மேல நான் சொன்ன பழிக்கு மன்னிப்பு கேட்கணும். கேட்கறேன், ஆனா இன்னைக்கு இல்ல. இன்னைக்கு வாய் வரல.

பதினெட்டாம் தேதி ரயில். ஸ்டேஷனுக்கு அவர் மட்டும் வரட்டும். நீ வராதே. கொஞ்ச நேரம் அவர் என்கிட்ட மட்டும் இருக்கட்டும்.

அக்கா

*

டிசம்பர் 9

அக்கா,

நீங்க ரெண்டு பேரும் ஊர் போய்ச் சேர்ந்தது சந்தோஷம். நான் நலம். வீடுதான் காலியாக் கிடக்கு. நீ இங்கே இருந்த அந்த ஒரு மாசம் அடுக்களையில எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சுட்டே, உப்பை இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.

நேர்ல இருந்தப்போ நீ கேட்கல, நானும் சொல்லல. இப்போ சொல்றேன். மெஷின் பண்ணின வேலையான்னு கேட்டிருந்தே. இல்லைன்னு மூணு டாக்டருங்க தனித்தனியாச் சொன்னாங்க. அது வருஷக்கணக்கா இருந்தது, நாங்க ஒலியைக் குவிச்ச இடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கும் படிச்சுத் தெரியும். ஆனாலும் உன் கடிதம் வர்றதுக்கு முன்னாலயே அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அதனாலதான் பெஞ்சுல அழுதேன். அதை அவர்கிட்ட சொல்லல. இப்பவும் அந்த நாற்காலிகிட்ட போனா அளவையெல்லாம் ரெண்டு தடவை சரி பார்த்துட்டுத்தான் வேலையைத் தொடங்கறேன்.

இன்னொண்ணு. நீ நினைக்கறது முழுக்கத் தப்புன்னு எழுதியிருந்தேன். 'முழுக்க'ன்னு எழுதியிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவர் மணி அடிச்சா எனக்குச் சந்தோஷமா இருக்கும். அவர்ங்கறதால இல்ல. ஒரு ஆள் என் வீட்டுக்கு வர்ற சத்தம் அது. ரெண்டு தட்டு கழுவறது எனக்குப் பிடிச்சிருந்தது. அவர் பேசினதெல்லாம் பாலமும் நீயும்தான். பாலத்தைப் பத்திப் பேசும்போது உன்னைத் திட்டுவார், உன்னைப் பத்திப் பேசும்போது பாலத்தைத் திட்டுவார்.

டாக்டர் சொன்ன அன்னைக்கு, "அவளுக்குத் தெரியக் கூடாது, தாங்க மாட்டா"ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினார். நான் சரின்னேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து படுத்தப்போ எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? என் தலைக்குள்ள இப்படி ஒண்ணு இருந்தா, நான் யார்கிட்ட மறைக்கணும்? யார் தாங்க மாட்டாங்க? யோசிச்சேன். உன்னைத் தவிர ஒரு ஆள் கிடைக்கல. நீயும் முதல்ல புயலுக்கும் அவருக்கும் சொந்தம், அப்புறம்தான் எனக்கு. மறைக்கறதுக்குக் கூட ஒரு ஆள் வேணும் அக்கா. நீ என்னைப் பார்த்து வயிறெரிஞ்சுக்கிட்டிருந்த அதே நேரத்துல நான் இங்கே உன்னைப் பார்த்து வயிறெரிஞ்சுக்கிட்டிருந்தேன்.

இதைக் கிழிச்சுப் போடலாமான்னு பார்த்தேன். நீதான் கிழிக்காம அனுப்பற பழக்கத்தை ஆரம்பிச்சு வெச்சே.

அத்தான் எப்படி இருக்கார்? ஆபரேஷனுக்கு அப்புறம் வார்த்தை தடுமாறிச்சே, அது குறைஞ்சிருக்கா? எழுது.

சின்னவள்

*

ஜனவரி 3

என் சின்னவளுக்கு,

உப்பு மேல் தட்டுல, டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால. எனக்கு முட்டி வலி திரும்ப வந்திருக்கு, உன் வீட்டு மாடிப்படி உபயம். மத்தபடி நலம்.

அவர் நல்லா இருக்கார். டாக்டர் சொன்ன மாதிரி வார்த்தை இன்னும் கொஞ்சம் தடுமாறுது. கரண்டி வேணும்னா கரண்டிங்கற சொல் வாய்க்கு வராது. "அதான், கிண்டறது, நீட்டா இருக்குமே, உன் கையில எப்பவும் இருக்குமே, நேத்துக் கூட என்னை அதைக் காட்டி மிரட்டினியே"ங்கறார். முன்னெல்லாம் ஒரு சொல்லோட முடிச்சுடுவார். இப்போ அந்த ஒரு சொல் கிடைக்காததால எனக்குப் பத்து சொல் கிடைக்குது. சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். மெதுவாச் சரியாகட்டும்.

உனக்குத் தெரியாத ஒண்ணை இப்போ சொல்றேன். அன்னைக்கு அவர் கண் முழிச்சப்போ நாம ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் நின்னோம். அவர் வாயைத் திறந்து முதல்ல கேட்டது, "சின்னவ சாப்பிட்டாளா?" நான் உடனே வெளியே போனேன். நீ நான் அழறதுக்குப் போனேன்னு நினைச்சுக்கிட்டுத் தண்ணி பாட்டிலோட ஓடி வந்தே. நான் அழல. அங்கே இருந்த குப்பைத் தொட்டியை உதைச்சேன். புருஷன் செத்துப் பிழைச்சு வந்திருக்கார், நான் தொட்டியை உதைக்கறேன். முட்டி வலிக்கு அதுவும் ஒரு காரணம். திரும்பி உள்ளே வந்தப்போ, என் கையைப் பிடிச்சவர் மறுநாள் காலையில நர்ஸ் வந்து பிரிக்கிற வரைக்கும் விடல. அதனாலதான் அந்த விஷயத்தை நான் கிளறல.

உன் கடிதத்தைக் கடையில வெச்சுப் படிச்சேன். நீ என்னைப் பார்த்து வயிறெரிஞ்சதா எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு. நல்ல அக்காவா இருந்தா கண் கலங்கியிருக்கணும். அது அப்புறம் வந்தது. முதல்ல வந்தது சந்தோஷம்தான். நான் மட்டும் இல்லையே, அவளுமா, அப்பாடான்னு. அப்புறம் ஷட்டரை இறக்கிட்டு ஒழுங்கா அழுதேன்.

அந்தக் கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டல. "என்ன எழுதியிருக்கா?"ன்னு கேட்டார். "உங்களுக்கு வந்ததில்ல"ன்னு சொல்லிட்டேன். அப்போதான் எனக்கே ஒண்ணு புரிஞ்சது. போன வருஷம் முழுக்க நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்? உன்னைப் பார்த்துன்னுதான் நினைச்சேன். பாதி நேரம் அவரைப் பார்த்தும்தான் பட்டிருக்கேன். உன் ஞாயிற்றுக்கிழமை, உன் பேச்சு, நீ அழற பெஞ்சு, எல்லாத்தையும் அந்த மனுஷன் வாரிக்கிட்டார். எனக்கு வந்தது 'மழை வரும் போல இருக்கு'. அவர் வர்றதுக்கு முன்னாலயே நீ எனக்குத் தங்கச்சி. நான் முதல்ல புயலுக்கும் அவருக்கும் சொந்தம்னு எழுதியிருந்தியே, அதைத் திருத்தி எழுது. உன்னை நான் தூக்கிச் சுமந்தப்போ அவங்க ரெண்டு பேரும் எங்கே இருந்தாங்க?

அன்னைக்குக் கேட்காத மன்னிப்பை இப்போ கேட்கறேன். பெஞ்சைப் பத்தி எழுதினதுக்கு. மெஷினைப் பத்தி எழுதினதுக்கு. அளவை ரெண்டு தடவை இல்ல, பத்து தடவை வேணும்னாலும் சரி பார், ஆனா அந்த நாற்காலிக்குப் போறதை நிறுத்தாதே. நீங்க அந்தப் படம் எடுக்கலைன்னா இன்னைக்கு இவர் பாலத்து மேலயே விழுந்திருப்பார், எனக்குக் கரண்டியைச் சுத்தி வளைச்சுச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

இருபதாம் தேதி ரயில்ல வரேன். புயலும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவாங்க, வீடு நின்னா சரி. நான் மட்டும்தான் வரேன். ஸ்டேஷனுக்கு நீ வந்து நில்லு. ஒரு வாரம் இருப்பேன். ரெண்டு தட்டையும் நீயே கழுவு. ஆத்தோரம் கூட்டிட்டுப் போ, ஆனா பாலத்தைப் பத்தி ஒரு பேச்சு கூடாது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் ரயிலை விட்டு இறங்கினதும் வாயைத் திறந்து முதல் கேள்வியா "அத்தான் எப்படி இருக்கார்?"னு கேட்டியோ, அதே ரயில்ல ஏறித் திரும்பிப் போயிடுவேன்.

உன் அக்கா